பொது உழைப்பும் பங்குக் கணக்கும்

கூடி உழைத்துக் கூடி உண்ணும் ஆசிரமமும் நம் கூட்டுறவுச் சங்கமும் ஒன்றே என்று அங்கத்தினர் சிலர் கருதுகின்றனர். இரண்டிற்கும் உள்ள வேற்றுமையை அறிய அரக்கோணத்தில் ரயிலேறி, காட்பாடி, ஜோலார்பேட்டை வழியே திருப்பத்தூர் வரை சென்றால் போதும். ஒருகாலத்தில் இரண்டும் வட ஆர்க்காடு மாவட்டத்து ஊர்களே.

திருப்பத்தூரில் 1921ஆம் ஆண்டு கிறிஸ்துகுல ஆசிரமம் நிறுவப்பட்டது. நிறுவியோர் இருவரும் மருத்துவர்கள். சவரிராயன் ஏசுதாசனைப் பெரியண்ணன் என்றும், ஸ்காத்லாந்து தேசத்தவரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தனர். ஆசிரமத்தார் மணம் புரியாமல், சம்பளம் பெறாமல், ஏழைகளுக்கு வைத்தியம் செய்து வாழ்ந்தனர். அவர்கள் எழுப்பிய ஜெப ஆலயம் நம் கோயில்களைப் போலக் கோபுரம் உடையது.

சின்னண்ணனின் குடும்பம் அல்லோவா என்னும் ஊரில் நூற்பாலை நடத்திய குடும்பம். ஆலை நூலால் வளர்ந்த வீட்டில் பிறந்தவர் கதர் உடுத்தினார். நெசவாளராகிய நமக்கு இது சிறிய செய்தியன்று. 1932இல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்தபோது, கதராடையுடன் நின்ற அவரைப் போலீசார் அடித்துச் சாயநீரைப் பீய்ச்சினர். பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலும் அதுபற்றிக் கேள்வி எழுந்தது.

எனினும் அது சிலர் விரதமாக ஏற்ற ஒழுங்கு. தறியையும் நிலத்தையும் நம்பிப் பிள்ளைகளை வளர்ப்போர் கூலியின்றி உழைத்தல் இயலுமா?

குடும்பங்களோடு அதனை முயன்று பார்த்தவர்களும் உண்டு. ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு சமயக் குழுவினர் 1855 முதல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் அமானா முதலிய ஏழு கிராமங்களை அமைத்தனர். நிலமும் கம்பளி ஆலைகளும் பொது, சமையற்கூடங்களும் பொது. கூலி கிடையாது. சுமார் எழுபத்தைந்து ஆண்டுகள் இம்முறை நிலைத்தது. 1923இல் தீ விபத்தில் ஆலை சேதமுற்றது, பின்னர் உலக வியாபார மந்தம் வந்தது, இளைஞர் வெளியேறினர்.

1932இல் அவர்கள் சபையையும் தொழிலையும் தனித்தனியே பிரித்தனர். அதுவரை கூலியின்றிச் செய்த வேலைக்கு என்ன கணக்கு என்பதே கடினமான கேள்வி. வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாக்குரிமையுள்ள ஒரு பங்கு அளித்தனர். அதற்கு மேல், உழைத்த ஆண்டுகளுக்கேற்ப வேறு பங்குகளும் அளித்தனர். கிழவரின் உழைப்பு வீணாகவில்லை. வாக்கோ அவருக்கும் இளைஞருக்கும் ஒன்றே. நம் பங்குப் பதிவேட்டைப் படிப்போர் இந்த ஏற்பாட்டை ஊன்றி நோக்குதல் நன்று.

அதன்பின் வேலைக்குக் கூலி வந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட பொதுச் சமையற்கூடங்கள் மூடப்பட்டன. குடியிருந்த வீடுகளை அவரவரே விலைக்கு வாங்கிக்கொண்டு, தம் வீட்டில் அடுப்பு மூட்டினர்.