வசமும் அறிவும்: போதைப்பொருள் வழக்கு எடுக்கும் இளம் வழக்கறிஞர்களுக்கு

ரவாங், செலாயாங் வட்டாரத்தில் குற்றவியல் வழக்குகளில் காலெடுத்து வைக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 39பி பிரிவில், அதாவது கடத்தலுக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். பிறகு வழக்கு ஷா ஆலம் உயர் நீதிமன்றத்துக்குப் போகும். ஜாமீன் கிடையாது. மரண தண்டனை கட்டாயம் என்ற நிலை 2023 ஜூலை 4-இல் நீங்கியது உண்மைதான். ஆனால் அதற்கு மாற்று ஆயுள் சிறை, குறைந்தது 12 பிரம்படி. இருபத்தைந்து வயதுப் பையனுக்கு அது வாழ்வின் பெரும்பகுதி. இந்த வழக்குகள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் தீர்கின்றன: பொருள் அவர் உடைமையா? அது என்னவென்று அவருக்குத் தெரியுமா?

1. சட்டத்தின் படிகளை மனப்பாடமாக வைத்திருங்கள். 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 37(டி) பிரிவுப்படி, போதைப்பொருள் உள்ள ஒரு பை உங்கள் கட்சிக்காரரின் வசத்திலோ கட்டுப்பாட்டிலோ இருந்தால் போதும். அந்தப் பொருள் அவர் உடைமை என்றும், அதன் தன்மை அவருக்குத் தெரியும் என்றும் சட்டமே ஊகித்துக்கொள்ளும். 37(டிஏ) வேறு. ஹெராயின் 15 கிராம், கஞ்சா 200 கிராம், சியாபு (மெத்தம்பெட்டமின்) 50 கிராம் என்ற அளவுகளை எட்டும் பொருள் ஒருவரின் உடைமையாக இருந்தது தெரிந்தால், அவர் கடத்தினார் என்று ஊகிக்கும். முன்னது 'வசம்' என்கிறது, பின்னது 'உடைமை' என்கிறது. உங்கள் வாதம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நிற்கும்.

2. ஒரு ஊகத்தின் தோளில் இன்னொரு ஊகத்தை ஏறவிடாதீர்கள். 1998-இல் முகமது பின் ஹசான் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. 37(டி) மூலம் ஊகித்த உடைமையை வைத்துக்கொண்டு 37(டிஏ) மூலம் கடத்தலையும் ஊகிக்க முடியாது. உடைமையையும் அறிவையும் அரசுத் தரப்பு நேரடிச் சான்றால் நிரூபித்தால்தான் கடத்தல் ஊகம் பிறக்கும். 2014-இல் நாடாளுமன்றம் 37ஏ பிரிவைச் சேர்த்து இந்தத் தடையை நீக்கப் பார்த்தது. 2019 ஏப்ரல் 5-இல் அல்மா நுடோ அத்தென்சா வழக்கில், தலைமை நீதிபதி ரிச்சர்ட் மலஞ்சும் தலைமையில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, அந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தார்கள். இந்த இரண்டு தீர்ப்புகளையும் சுருக்கம் படித்து விட்டுவிடாதீர்கள், முழுதாகப் படியுங்கள்.

3. சம்பவ இடத்துக்கு நீங்களே போங்கள். ரவாங் தாமான் ஒன்றில் மூன்று பேர் பகிர்ந்து தங்கும் வாடகை வீடு என்று வைத்துக்கொள்வோம். பின் அறை அலமாரியில் பொட்டலம் கிடைக்கிறது. அறைக்குப் பூட்டு உண்டா? சாவி எத்தனை, யார் யாரிடம்? அலமாரியில் தொங்கும் சட்டைகள் யார் அளவு? அதே தட்டில் இருந்த மின்கட்டண பில் யார் பெயரில்? படுக்கையில் அன்றிரவு படுத்திருந்தது யார்? விசாரணை அதிகாரி எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பிறரை விலக்கித் தன் பொருளைப் போலக் கையாளும் நிலையில் இருப்பதுதான் உடைமை என்று 1956-இல் சான் பீன் லியோன் வழக்கில் நீதிபதி தாம்சன் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மூன்று பேர் கைபடும் அலமாரியை ஒருவர் தலையில் கட்ட அரசுத் தரப்புக்குச் சான்று வேண்டும்.

4. 'பயந்தார், ஓடினார்' என்ற வரியை அப்படியே ஏற்காதீர்கள். அறிவை நிரூபிக்க அரசுத் தரப்பு முதலில் எடுப்பது நடத்தையைத்தான். நள்ளிரவில் சீருடை இல்லாத ஆட்கள் கதவை உடைத்தால் எவரும் பயப்படுவார்கள். போலீஸ் என்று அறிவித்தார்களா? எத்தனை அதிகாரிகள் அந்தப் பயத்தைக் கண்டார்கள்? முதல் புகாரிலேயே அது இருக்கிறதா, சாட்சிக் கூண்டில்தான் முதன்முதலாக வருகிறதா? கைரேகையும் டிஎன்ஏவும் எடுத்தார்களா? எடுக்கவில்லை என்றால் ஏன் என்றும் கேளுங்கள்.

5. கட்சிக்காரரின் கதை முதல் நாளே வெளிவரட்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவுப்படி, விசாரிக்கும் முன் குடும்பத்தாரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளும் உரிமையைப் போலீஸ் தெரிவிக்க வேண்டும். இத்தகைய குற்றத்துக்குத் தடுப்புக் காவல் ஏழு நாளும், பிறகு இன்னொரு ஏழு நாளும் நீளலாம். அந்த நாள்களை வீணாக்காதீர்கள். "பை இன்னாருடையது" என்றால் பெயர், கைப்பேசி எண், சந்தித்த இடம் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள். 1996-இல் அல்கன்தாரா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், தொடக்கத்திலேயே சொல்லப்பட்ட மூன்றாம் நபரைத் தேடிச் சரிபார்ப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு என்றது. அப்படி எழுத்தில் கொடுப்பதை இன்றும் வழக்கறிஞர்கள் 'அல்கன்தாரா நோட்டீஸ்' என்றே சொல்கிறோம். எதிர்வாதத்தின்போது திடீரென முளைக்கும் பெயரை நீதிபதி நம்பமாட்டார்.

6. எடையைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஹெராயினிலும் சியாபுவிலும் வேதியியலாளர் பிரித்துக் கண்ட தூய பொருளின் எடைதான் கணக்கு, பொட்டலத்தின் எடை அன்று. பொட்டலங்கள் எத்தனை, அவற்றில் என்ன அடையாளம், யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின, எங்கே பூட்டி வைத்தார்கள், வேதியியல் துறையான ஜபாத்தான் கிமியாவுக்கு எந்தத் தேதியில் போயின என்று ஒரே தாளில் அட்டவணை போடுங்கள். எண்ணிக்கை ஓரிடத்தில் பிசகினாலும் அங்கே நிறுத்திக் கேளுங்கள்.

7. தெரியாமல் இருந்ததும் தெரிந்துகொள்ள மறுத்ததும் ஒன்றல்ல. நம் நாட்டிலிருந்து சிங்கப்பூர் போன கோபி அவேடியன் 2014-இல் 40.22 கிராம் ஹெராயினுடன் பிடிபட்டார். அது வீரியம் குறைந்த, சாக்லேட் கலந்த போதைப்பொருள் என்று தன்னிடம் சொல்லப்பட்டதாக அவர் சொன்னார். தூக்குத் தண்டனை வரை போன வழக்கு அது. 2020-இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை மறுபடி திறந்தது. விசாரணையில் அரசுத் தரப்பு வைத்தது 'வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டார்' என்ற குற்றச்சாட்டு. உண்மையில் தெரிந்திருந்தவருக்கான சட்ட ஊகத்தை அதற்குப் பயன்படுத்த முடியாது என்றது. தண்டனை 15 ஆண்டும் 10 பிரம்படியும் ஆனது. அதற்காக உங்கள் கட்சிக்காரருக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். சந்தேகம் வந்தும் பையைத் திறந்து பார்க்காதவரை, தெரிந்தவராகவே நம் நீதிமன்றங்கள் கருதக்கூடும். யார் கொடுத்தார், எவ்வளவு கூலி, ஏன் நம்பினார் என்று நீங்களே கடுமையாகக் கேட்டுப் பாருங்கள்.

8. குடும்பத்தாரிடம் உண்மையைச் சொல்லுங்கள். "பணம் கட்டினால் வெளியே வருவானா?" என்று அம்மா கேட்பார். வரமாட்டான் என்று சொல்லுங்கள். கடத்தல் நிரூபணமாகாவிட்டாலும், எடையைப் பொறுத்து 39ஏ(2) பிரிவின்கீழ் வெறும் உடைமைக்கே குறைந்தது 5 ஆண்டுச் சிறையும் 10 பிரம்படியும் உண்டு என்பதையும் மறைக்காதீர்கள்.

போதைப்பொருள் நம் தாமான்களில் எத்தனை வீடுகளை அழித்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதை விற்றுப் பிழைப்பவர் மேல் எனக்கு இரக்கம் இல்லை. ஆனால் தெரிந்தே விற்றவரையும் தெரியாமல் பை சுமந்தவரையும் பிரித்துக் காட்டுவது நீதிமன்றத்தின் வேலை. நாம் சாவியை எண்ணாமல், சாட்சியைக் கேட்காமல் விட்டால், அந்த வேலை நடக்காது.