பளு தூக்கும் கைக்கு உறை தேவையா?

தலைநகரில் நம்மவர்கள் வாழும் பகுதிகளில், அது மயூர் விஹார் ஆகட்டும், துவாரகா ஆகட்டும், உடற்பயிற்சிக் கூடங்கள் பெருகிவிட்டன. கல்லூரியில் படிக்கும் பிள்ளை போகிறான். டாக்டர் சொன்னார் என்று ஐம்பதைத் தாண்டிய அப்பா போகிறார். அம்மாக்களும் பெண் பிள்ளைகளும் போகத் தொடங்கியிருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம்தான். பெரியவர்கள் நடைப்பயிற்சியோடு நின்றுவிடாமல், வாரத்தில் 2 நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது.

கூடத்தில் சேர்ந்த முதல் வாரமே எழும் கேள்வி, கையுறை வாங்க வேண்டுமா என்பது. "உறை போடாவிட்டால் கை காய்த்துவிடும்" என்பார் ஒருவர். "உறை போட்டால் பிடி வராது" என்பார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் மார்புக்கு மேல் 40 கிலோ இரும்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு அந்தப் பிடிதான் பாதுகாப்பு. ஆகவே இதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்ப்போம்.

காய்ப்பு என்பது என்ன?

நம் உடலில் எல்லா இடத்திலும் தோல் ஒரே கனமாக இல்லை. கண் இமையில் மேல்தோலின் கனம் மில்லிமீட்டரில் சுமார் இருபதில் ஒரு பங்குதான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வரை இருக்கும். உள்ளங்கையில் முடி இல்லை. எண்ணெய்ச் சுரப்பிகளும் இல்லை. வியர்வைச் சுரப்பிகள் மட்டும் ஏராளம். பிடிப்பதற்கென்றே அமைந்த தோல் இது.

இந்தத் தோலின்மேல் அழுத்தமும் உராய்வும் திரும்பத் திரும்ப விழுந்தால், உடல் அங்கே கூடுதலாகத் தோல் அடுக்குகளை உண்டாக்கிக்கொள்கிறது. இதைத்தான் காய்ப்பு என்கிறோம். இது நோயல்ல. அம்மியும் உலக்கையும் கிணற்றுக் கயிறும் பழகிய நம் பாட்டிமார் கைகளில் இது இருந்தது. வீணை வாசிப்பவரின் இடக்கை விரல் நுனியில் இன்றும் இருக்கிறது. உராய்வு மெதுவாகவும் சிறிது சிறிதாகவும் வந்தால் காய்ப்பு உண்டாகும். திடீரென்று அதிகமாக வந்தால் தோலின் அடுக்குகள் பிரிந்து நீர் கோத்துக் கொப்புளம் உண்டாகும். முதல் வாரத்திலேயே அளவுக்கு மீறி எடை தூக்குகிறவர் கையில் கொப்புளம் வருவது இதனால்தான்.

உறை செய்யும் நன்மையும் தீமையும்

உறை உராய்வைத் தடுக்கிறது. வியர்வையை உறிஞ்சுகிறது. தில்லியின் ஜனவரிக் குளிரில், சூடேற்றாத அறையில் கிடக்கும் இரும்புக் கம்பியைத் தொட்டவர்களுக்கு உறையின் அருமை தெரியும். இவையெல்லாம் நன்மைகள்.

இனி மறுபக்கம். ஆண்களுக்கான பளுதூக்கும் போட்டிகளில் பயன்படும் கம்பியின் குறுக்களவு 28 மி.மீ. உறையின் பஞ்சு மெத்தை ஒரு பக்கத்துக்கு 3 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், கைக்குள் வரும் கம்பி 34 மி.மீ. ஆகிவிடுகிறது. சுற்றளவு 88 மி.மீட்டரிலிருந்து ஏறக்குறைய 107 மி.மீ. ஆகிறது. கம்பி பருத்தால் விரல்கள் முழுதும் மூடாது. கட்டை விரல் மற்ற விரல்களைத் தொட்டுப் பூட்டுப் போடுவதும் நடக்காது. பெண்களுக்கான போட்டிக் கம்பியை 25 மி.மீ. குறுக்களவில் செய்வதை இங்கே நினைத்துப் பாருங்கள். சிறிய கைக்கு வசதியாக இருக்கட்டும் என்று 3 மி.மீ. குறைக்கிறார்கள். நாம் கடையில் காசு கொடுத்து வாங்கிய உறையால் 6 மி.மீ. கூட்டிவிடுகிறோம்.

கம்பியின் நடுவே சொரசொரப்பான வெட்டுக் கோடுகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவை தோலைப் பற்றிக்கொள்வதற்காகவே போடப்பட்டவை. உறை இந்த வேலையைக் குறைத்துவிடுகிறது. கம்பி நழுவத் தொடங்குவதைக் கை உடனே உணர்வதும் குறைகிறது. வியர்வையில் ஊறி வழவழப்பான பழைய உறை, உறையே இல்லாததைவிட ஆபத்தானது.

பிடி என்பது தனியே வளர்க்க வேண்டிய வலுவும்கூட. இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரிடம் கைப்பிடியின் வலுவை அளந்து நடத்திய ஆய்வு ஒன்று 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. பிடி வலு குறைந்தவர்களிடையே மரண விகிதம் கூடுதலாக இருந்ததை அது காட்டியது. பிடியை வளர்த்தாலே ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருள் அல்ல. ஆனால் உடலின் மொத்த வலுவைக் காட்டும் அடையாளங்களில் பிடியும் ஒன்று என்பது தெளிவு.

பளு தூக்கும் வீரர்கள் என்ன செய்கிறார்கள்?

வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். மணிப்பூரின் மீராபாய் சானு 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். இத்தகைய போட்டிகளில் வீரர்கள் மேடை ஏறுமுன் தட்டிலிருந்து வெள்ளைப் பொடியை எடுத்துக் கையில் தேய்த்துக்கொள்வதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது மக்னீசியம் கார்பனேட். வியர்வையை உறிஞ்சிப் பிடியை உறுதியாக்கும். பெரும்பாலோர் கட்டை விரலில் மட்டும் பிளாஸ்திரி சுற்றிக்கொள்வார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பள்ளிக்கூடச் சாக்பீஸ் பொடி வேறு, இந்தப் பொடி வேறு. முகப் பவுடரும் கேரம் போர்டு பவுடரும் வழுக்குவதற்காகவே உள்ளவை. அவற்றைக் கையில் பூசிக்கொண்டு கம்பியைத் தொடவே கூடாது.

பிடிக்கும் முறை

காய்ப்பு கிழிவதற்குப் பெரும்பாலும் காரணம் தவறான பிடி. தரையிலிருந்து தூக்கும்போதும், தொங்கி மேலேறும்போதும் பலர் கம்பியை உள்ளங்கையின் நடுவில் வைத்து மூடுகிறார்கள். எடை இழுக்க இழுக்கக் கம்பி விரல்களை நோக்கி நகர்கிறது. நடுவிலுள்ள தோல் மடிந்து நசுங்குகிறது. தொடக்கத்திலேயே கம்பியை விரல்களின் அடிப்பகுதியில் வைத்துப் பிடித்தால் மடிப்பு மிகவும் குறையும்.

மேலே தள்ளும் பயிற்சிகளுக்கு இது நேர்மாறு. கம்பி உள்ளங்கையின் அடிப்பாகத்தில், முன்கை எலும்புக்கு நேர் மேலே இருக்க வேண்டும். அப்போது மணிக்கட்டு பின்னால் வளையாது. எந்த நிலையிலும் கட்டை விரலைக் கம்பியைச் சுற்றிப் போட மறக்க வேண்டாம். மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டே தொடங்க வேண்டும். இரும்புக்கும் விரலுக்கும் இடையே மோதிரம் சிக்கினால் விரலுக்கே ஆபத்து.

யார் உறை போடலாம்?

உறையே வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. கீழ்க்கண்டவர்களுக்கு அது உதவும்:

1. கரப்பான் முதலிய தோல் நோய் உள்ளவர்கள். குளிர்காலத்தில் உள்ளங்கை வெடிப்பவர்கள்.

2. சர்க்கரை நோயாளிகள். இவர்களுக்குப் புண் ஆற நாளாகும். சிலருக்குக் கையில் உணர்ச்சியும் குறைந்திருக்கும். கொப்புளம் வந்ததே தெரியாது. இவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு மெல்லிய உறை போடுவது நல்லது. பயிற்சி முடிந்ததும் உள்ளங்கையை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

3. கை மிகுதியாக வியர்ப்பவர்கள். தூசி படியும் என்று பல கூடங்களில் வெள்ளைப் பொடிக்கு அனுமதி இல்லை. அங்கே உறைதான் வழி.

4. மிருதங்கம், தபலா கற்கும் பிள்ளைகள். காய்ப்பால் வாசிப்புக்கு இடையூறு குறைவு. ஆனால் கிழிந்த கையோடு ஒரு வாரம் வாசிக்க முடியாமல் போகலாம். கச்சேரியோ பரீட்சையோ நெருங்கும் மாதத்தில் உறை போடட்டும்.

வாங்கும்போது மெத்தை வைத்த தடித்த உறையைத் தவிர்த்து, விரல் நுனி திறந்த, மெல்லிய உறையாகப் பார்த்து வாங்குங்கள். கையை மூடிப் பாருங்கள். உள்ளங்கையில் துணி மடிந்து சுருண்டால் அந்த அளவு உங்களுக்குப் பொருந்தாது. வாரம் ஒருமுறையாவது துவைத்து முழுதும் உலர்த்த வேண்டும். மழைக்கால மாதங்களில் ஈரத்தோடு பைக்குள் கிடக்கும் உறை பூஞ்சைக்கு வீடு. ஒருவர் உறையை இன்னொருவர், அண்ணன் தம்பியே ஆனாலும், போட வேண்டாம்.

பெண் பிள்ளைகளின் கை

"பொண்ணு கை முரடாகிடும்" என்று சொல்லி மகளைத் தடுக்கும் வீடுகள் நம்மிடையே இன்னமும் உண்டு. 2 கிலோ, 3 கிலோ டம்பெல்லால் காய்ப்பு வருவது அரிது. எடை கூடினால் ஓரளவு வரும். கீழே சொல்லும் பராமரிப்பில் அது மென்மையாகவே இருக்கும். மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு வேகமாக அடர்த்தி குறைகிறது. எடைப் பயிற்சி எலும்பைக் காக்க உதவும் என்பது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட உண்மை. இருபது வயதில் உள்ளங்கையில் நான்கு சிறு தடிப்புகள் வருமே என்பதற்காக இந்தப் பலனை இழக்கச் சொல்வது நியாயமா? அவளுக்குக் கை பற்றிக் கவலை இருந்தால் உறை வாங்கிக் கொடுங்கள். பயிற்சியை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

கைப் பராமரிப்பு

குளித்த பிறகு தோல் ஊறியிருக்கும்போது, கால் தேய்க்கும் கல்லால் காய்ப்பை வாரம் இருமுறை இலேசாகத் தேய்த்துச் சமன் செய்யுங்கள். முற்றிலும் எடுத்துவிட வேண்டாம். மேடு தட்டாமல் இருந்தால் போதும். மேடு தட்டிய காய்ப்புதான் கம்பியில் சிக்கிக் கிழிகிறது. இரவில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். பிளேடால் சீவுவது கூடவே கூடாது. சர்க்கரை நோயாளிகள் தாங்களாகவே கல்லால் தேய்ப்பதும் வேண்டாம்.

கிழிந்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டுப் போட்டு, ஆறும் வரை இழுக்கும் பயிற்சிகளை நிறுத்துங்கள். கால்களுக்கான பயிற்சிகளைத் தொடரலாம். சிவந்து வீங்கினாலோ சீழ் வைத்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 10 ஆண்டு கடந்திருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

எப்படி முடிவு செய்வது?

மேலே சொன்ன நான்கு வகையில் நீங்கள் இல்லையென்றால், முதல் 4 வாரம் குறைந்த எடையோடு வெறுங்கையால் பழகிப் பாருங்கள். பிடிக்கும் இடத்தைச் சரியாக்குங்கள், கையைப் பராமரியுங்கள். பெரும்பாலோருக்கு அதற்குள் தோல் பழகிவிடும். அதற்குப் பிறகும் வலியோ எரிச்சலோ இருந்தால், வெறுங்கையோடு எடையைக் குறைத்துத் தொடங்கி, கடைசிச் சுற்றுகளுக்கு மட்டும் மெல்லிய உறை போட்டுக்கொள்ளலாம். உறை போட்டவரைக் கோழை என்பதும், போடாதவரை முரடன் என்பதும் வேண்டாத பேச்சு. அடுத்த முறை கூடத்துக்குப் போகும்போது, கம்பி உங்கள் கையில் எந்த இடத்தில் உட்காருகிறது என்று முதலில் பாருங்கள்.