போர்க்லிப்ட் வண்டியை மாற்றியமைப்பதில் உள்ள அபாயங்கள்

அரிசி ஆலைகளிலும், குளிர்சாதனக் கிடங்குகளிலும், மூட்டைகளைத் தூக்கி அடுக்குவதற்குப் போர்க்லிப்ட் என்னும் வண்டி உபயோகத்திற்கு வந்துள்ளது. கிடங்கின் வாயில் தாழ்ந்திருந்தாலோ, மூட்டை அடுக்கும் பலகை நீண்டிருந்தாலோ, வண்டியைப் பட்டறைக்கு அனுப்பி வெட்டியும் ஒட்டியும் திருத்திக்கொள்வதுண்டு. இது உயிருக்கே தீங்கு விளைக்கக்கூடியது. கிடங்குடைய நிலச்சொந்தக்காரர்களும், கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளும், கிராம அதிகாரிகளும் இதன் காரணத்தை அறிந்திருத்தல் அவசியம்.

இவ்வண்டி கிணற்றுத் துலாவைப் போன்றது. துலாவின் ஒரு முனையில் நீர், மறுமுனையில் கல். வண்டியின் முன்புறத்து இரும்புக் கரங்களில் மூட்டை, பின்புறத்தில் எதிர்ப்பாரம். முன் அச்சே துலாவைத் தாங்கும் கால். ஆகவே பாரத்தின் எடை மட்டுமன்றி, முன் அச்சிலிருந்து அது இருக்கும் தூரமும் கவனிக்கத்தக்கதாகும்.

1. கரங்களை நீட்டுதல்: ஒரு வண்டியின் தகட்டில், கரத்தின் அடியிலிருந்து 500 மில்லிமீட்டர் தூரத்தில் 2,000 கிலோ என்று குறித்திருப்பதாகக் கொள்வோம். முன் அச்சுக்கும் கரத்தின் அடிக்கும் இடையே 400 மில்லிமீட்டர் இருப்பின், மொத்த தூரம் 900 ஆகும். கரங்களை நீட்டிப் பாரத்தின் மையம் 800 மில்லிமீட்டருக்குச் சென்றால், மொத்த தூரம் 1,200 ஆகிறது. அப்பொழுது தூக்கத்தக்கது 1,500 கிலோவே. 50 கிலோ மூட்டைகள் நாற்பது என்பது முப்பதாகக் குறைகிறது. நீட்டிய இரும்பின் எடையால் இன்னும் குறையும்.

2. எதிர்ப்பாரம் கூட்டுதல்: பின்னால் கல்லை வைத்தோ, ஆட்களை நிற்கவைத்தோ அதிக மூட்டை தூக்கினால், சங்கிலி, நிலைக்கம்பம், முன் அச்சு, பிரேக் ஆகியவை தம் சக்திக்கு மீறிய பாரத்தைத் தாங்க நேரிடும்.

3. காப்புக் கூண்டை அகற்றுதல்: தாழ்ந்த வாயிலில் நுழைவதற்காக ஓட்டுபவரின் தலைமேலுள்ள கூண்டை நீக்கினால், மேலிருந்து சரியும் மூட்டை அவர்மீதே விழும்.

4. கரங்களில் பற்றவைத்தலும் துளையிடுதலும்: கரங்கள் பதப்படுத்திய எஃகினால் ஆனவை. வெப்பத்தால் அப்பதம் கெடும். துளையினருகே விரிசல் காணலாம்.

ஆதலின், வண்டியைத் திருத்துமுன் இடத்தைத் திருத்துதலே உத்தமம். வாயிலை உயர்த்தலாம், பலகையைக் குறுக்கலாம், தரையைச் சமன் செய்யலாம். அன்றேல் இடத்திற்கேற்ற வேறு வண்டியை அமர்த்தலாம். மாற்றம் தவிர்க்க முடியாததாயின், வண்டியைச் செய்தவரின் எழுத்துமூலமான அனுமதியை முன்னதாகப் பெற்று, புதிய அளவைக் குறிக்கும் தகட்டையும் பொருத்தவேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொழிற்காப்பு விதி இதனைக் கட்டாயமாக்கியுள்ளது.

வண்டி கவிழும்போது ஓட்டுபவர் வெளியே குதிக்கலாகாது. குதிப்பவர் வண்டியின் கீழேயே அகப்படுவார். ஆசனப் பட்டையை எப்பொழுதும் அணிந்திருத்தலும், கவிழும் வேளையில் சக்கரப்பிடியை இறுகப் பற்றி எதிர்ப்புறமாகச் சாய்தலும் வேண்டும்.

கிடங்கைப் பார்வையிடச் செல்வோர், தகட்டிலுள்ள விவரம் எதிரே நிற்கும் வண்டிக்குப் பொருந்துகிறதா என்று முதலில் ஒத்துப்பார்ப்பார்களாக. பொருந்தாவிடின், அவ்வண்டியை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவைத்தல் நலம்.