களி தின்பதை மறைக்கலாமா?

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது தாண்டியிருக்கும். சில வருடங்களாகச் சர்க்கரை நோய். இப்போது முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது.

"மூணு வேளையும் என்னம்மா சாப்பிடறீங்க?" என்றேன்.

"அரிசிச் சோறுதாங்க டாக்டர்."

கூட வந்த பேரன் சும்மா இருக்கவில்லை. "பொய்யி டாக்டர்! ஆயா அடுப்பங்கரையில ஒளிச்சு வெச்சுக் களி திங்கும்!"

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "மருமக டவுன்ல பொறந்த பொண்ணுங்க. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா கேவலமா நெனப்பாங்க..."

சிரிக்காதீர்கள் வாசகர்களே! இதே பொய்யை நானும் சொன்னவன்தான். சித்த மருத்துவம் படிக்கப் போன ஊர் நெல் விளையும் சீமை. விடுதியில், "உங்க வீட்ல என்ன சாப்பாடு?" என்று கேட்டார்கள். "தினமும் சோறுதான்" என்று கூசாமல் சொன்னேன். காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரி களியும் கீரைக் கடைசலும் என்று வளர்ந்த உடம்பு இது! வகுப்பில் தானியங்களின் குணபாடம் நடந்தபோதுகூட வாயைத் திறக்கவில்லை.

தருமபுரி மாவட்டம் மானாவாரிப் பூமி. கேழ்வரகும் சாமையும்தான் இங்கே வயிற்றை நிரப்பின. நெல்லுச் சோறு தீபாவளி, பொங்கல் என்று நாள் கிழமைக்குத்தான். அதனாலேயே சோறு என்றால் வசதி, களி என்றால் ஏழ்மை என்று மனதில் பதிந்துவிட்டது. 2008-ல் ரேஷனில் ஒரு ரூபாய்க்கு அரிசி வந்தது. 2011-ல் இலவசமாகவே வந்தது. பசித்த வயிற்றுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் சோறு உள்ளே வந்ததும், களித் துடுப்பு பரணுக்குப் போய்விட்டது. ருசி பிடிக்காமல் போனதல்ல. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம். எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்துக்குப் போய்ப் பாருங்கள். இதே களியை 'முத்தே' என்று ஓட்டலில் காசு கொடுத்துச் சாப்பிடுகிறார்கள். 1996-ல் பிரதமரான தேவகவுடா அதைச் சாப்பிட வெட்கப்பட்டவரில்லை.

நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் தேறினாலே அதிகம். நார்ச்சத்திலும் அரிசி பக்கத்தில் வர முடியாது. முளைகட்டி அரைத்தால் சுண்ணாம்பும் இரும்பும் உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும்.

இதை வைத்துக்கொண்டு 'கேழ்வரகு சர்க்கரையைக் குணமாக்கும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதுவும் மாவுச்சத்துதான். நைசாகச் சலித்த மாவில் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். தேய்ந்த முழங்காலையும் களி சரிசெய்துவிடாது.

2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே வருடம் நீலகிரியிலும் நம் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை அரசு தொடங்கியது. இப்போது பட்டணத்தில் கேழ்வரகு பிஸ்கட் வாங்குவது நாகரிகம்! பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் மைதாவும் சர்க்கரையும்தான் முன்னால் நிற்கும். அன்று ஊர் சிரிக்கும் என்று விட்டோம், இன்று ஊர் மெச்சும் என்று வாங்குகிறோம். உடம்பைக் கேட்டுச் சாப்பிட்டது எப்போது?

அந்த அம்மாவிடம் சொன்னேன்: "ஒளிச்சுத் திங்கறதால அவசர அவசரமா, தொட்டுக்க ஒண்ணுமில்லாம ரெண்டு உருண்டை முழுங்கறீங்க. அதுதான் தப்பு. கூடத்துல உக்காந்து ஒரே ஒரு உருண்டை, எலுமிச்சம்பழம் ரெண்டு சேர்ந்த அளவு போதும். முருங்கைக் கீரையோ கொள்ளுக் கடைசலோ தாராளமா வெச்சுக்கங்க. மாவைச் சலிக்காதீங்க. மாத்திரையை நிறுத்தவே கூடாது."

"சம்பந்தி வந்தா?"

"அவருக்கும் ஒரு உருண்டை போடுங்க!"

முதல் முறையாகச் சிரித்தார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். மற்ற சர்க்கரை நோயாளிகள், களி சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை ரத்தச் சர்க்கரை பார்த்துவிட்டு, உருண்டையின் அளவை முடிவு செய்யுங்கள்.