ஸ்கேன் கவரைத் தூக்கிக்கிட்டு அலையாதே, தங்கச்சி!

இடுப்பு வலி மூணு மாசத்தைத் தாண்டிட்டா டாக்டருங்க அதை நாள்பட்ட வலின்னு கணக்குல எடுத்துக்குவாங்க. நம்ம பக்கத்துல அப்போ முதல்ல ஓடுறது ஸ்கேனுக்குத்தான். 'தேய்மானம், டிஸ்க் பல்ஜ்'னு ரிப்போர்ட் வந்த நாள்லேர்ந்து குடத்தைத் தொடவே பயம். வலியே இல்லாத ஆளுங்களைப் படம் எடுத்துப் பார்த்ததுல, 20 வயசுக்காரங்கள்லயே மூணுல ஒருத்தருக்கு மேல டிஸ்க் தேய்மானம் இருந்திருக்கு. 80 வயசுல கிட்டத்தட்ட எல்லாருக்கும். நரைமுடி மாதிரி அதுவும் வயசோட வர்றது. பத்துப் பேர்ல ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்புன்னு கை காட்டவே முடியாது. அதனால, காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் உன் இடுப்பு என்ன பாடுபடுதுன்னு முதல்ல பாரு. சரியாத் தூங்காததும் மனசுல கிடக்குற கவலையும்கூட வலியை ஏத்திவிடும்.

திண்டிவனம் மல்லாட்டை ஊரு. எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இங்க இருக்கு, டி.எம்.வி.ன்னு ஆரம்பிக்கிற ரகங்கள்ல அந்த மூணெழுத்து நம்ம ஊரைத்தான் குறிக்குது. புதுசு புதுசா ரகம் வருது, களைக்கொட்டோட கைப்பிடி மட்டும் இன்னும் ஒரு முழத்தைத் தாண்டலை! முட்டியை விறைப்பா வச்சு மணிக்கணக்கா குனிஞ்சு களை வெட்டினா இடுப்பு எப்படித் தாங்கும்? அரை மணிக்கு ஒருதரம் நிமிர்ந்து, ரெண்டு கையையும் இடுப்புல ஊன்றி, மெதுவா பின்பக்கம் அஞ்சாறு தடவை சாய். மேஸ்திரி முறைச்சா முறைக்கட்டும்.

திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்வர்றவங்க, பஸ்ல பின்சக்கரத்துக்கு மேல இருக்குற சீட்டைத் தவிர்த்துடுங்க. ஒரு துண்டைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால வச்சுக்கிட்டா குலுக்கல் கொஞ்சம் தணியும். ஆபீஸ்லயும் அப்பப்போ எழுந்து நடக்கணும்.

வீட்டுல அரிசி சிப்பம் 25 கிலோ. கேஸ் சிலிண்டர்ல கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போட சேர்த்தா 30 கிலோ கிட்ட வரும். அதைத் தூக்காதே, சாய்ச்சு உருட்டு. எந்தச் சுமையா இருந்தாலும் முட்டியை மடக்கி, வயித்தோட அணைச்சுத் தூக்கு. தூக்கினபடியே இடுப்பை முறுக்காம, காலை எடுத்து வச்சுத் திரும்பு.

"சிசேரியன்ல முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அன்னிக்குப் பிடிச்ச வலி" - இதைச் சொல்லாத பொம்பளை நம்ம தெருவுல இருக்காளா? அந்த ஊசி மெல்லிசு, மருந்து சில மணி நேரத்துல இறங்கிடும். குத்தின இடம் ரெண்டு நாள் வலிக்கலாம். வருஷக்கணக்கா வர்ற வலிக்கு அது காரணமில்லைன்னு ஆராய்ச்சிகள் சொல்லுது. சுகப்பிரசவம் ஆனவங்களுக்கும்தானே இடுப்பு வலிக்குது? பத்து மாசத்துல வயித்துத் தசை தளர்ந்திருக்கும், மூட்டுகளை இறுக்கிப் பிடிக்கிற நாருங்க இளகியிருக்கும். அதோட கூன் போட்டு உட்கார்ந்து பால் குடுக்குறோம், தூளியிலேர்ந்து குனிஞ்சு குனிஞ்சு பிள்ளையைத் தூக்குறோம். தலையணையை மடியில வச்சு பிள்ளையை மாருக்கு உசத்து, நீ குனியாதே. ஊசி மேல பழியைப் போட்டுட்டு உட்கார்ந்துட்டா, செய்ய வேண்டிய பயிற்சியைச் செய்யாமலே விட்டுடுவோம்.

மல்லாந்து படு, முட்டியை மடக்கி பாதத்தைத் தரையில ஊன்று. பிட்டத்தை இறுக்கி இடுப்பை மெதுவா உசத்து, மூச்சை அடக்காம அஞ்சு எண்ணி இறக்கு. பத்து தடவை. மறுநாள் தசை கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை. காலுக்கு மின்னல் மாதிரி இறங்கினா நிறுத்திடு. தினமும் நட. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தா தசை இன்னும் சோரும்.

பெல்ட்டா? 2023 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமா பெல்ட் போடுறதும் இழுவை சிகிச்சையும் வேண்டாம்னு சொல்லுது, பயிற்சியைத்தான் பரிந்துரைக்குது. கால் மாறிப் பொறந்தவங்களை விட்டு இடுப்பை மிதிக்க வைக்கிறதும் வேண்டாம். மெடிக்கல்ல கேட்டு வாங்குற வலி மாத்திரையைத் தொடர்ந்து முழுங்கினா குடலும் கிட்னியும் கெடும்.

சிலதுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. ஒன்னுக்கு, வெளிக்கி போறது கட்டுப்பாட்டுல இல்லைன்னாலோ, ஒன்னுக்கு அடைச்சுக்கிட்டாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, கால் தொய்ஞ்சாலோ அன்னிக்கே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போ. விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலியையும் உடனே காட்டு. காய்ச்சல், எடை குறையிறது, ராத்திரியில கூடுற வலி இருந்தாலும் காட்டு - முதுகெலும்புலயும் டி.பி. வரும், மருந்து அரசு ஆஸ்பத்திரியில இலவசம். இள வயசுல, காலையில அரை மணிக்கு மேல விறைப்பு இருந்து நடந்தா குறைஞ்சா, மூட்டுவாத டாக்டரைப் பாரு.

வெளியே வர முடியாத மாமியாருக்கு, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவாங்க. ஊர் நர்ஸம்மாகிட்ட பேரைக் குடுத்து வை.