டியூபும் கடிகாரமும்

அன்புள்ள கயல்,

தண்டுவடக் காயப் பிரிவில் உனக்குப் போஸ்டிங் என்று அம்மா சொன்னாள். மரமேறி விழுந்தவர்கள், பைக் விபத்தில் முதுகெலும்பு முறிந்தவர்கள் என்று அங்கே இளவயதுக்காரர்கள் நிறைய இருப்பார்கள். கால் எப்போது வரும் என்று எல்லாரும் கேட்பார்கள். சிறுநீரைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்தப் பேச்சை நீதான் எடுக்க வேண்டும்.

தானாகச் சிறுநீர் கழிக்க முடியாதவர்களில், சிறுநீர் வடிக்கும் டியூபை உள்ளேயே விட்டுப் பையைத் தொங்கவிடுவதைவிட, சில மணிக்கொருமுறை போட்டு, வடித்து, உருவிவிடுவது பெரும்பாலானோருக்கு நல்லது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் இதை அறுவை அரங்கச் சுத்தத்தோடு செய்யவைத்தார். வீட்டில் அது நடக்குமா? 1972இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் ஜாக் லேப்பிடிஸ், கழுவிய கையும் சுத்தமான டியூபும் போதும், நோயாளியே செய்துகொள்ளலாம் என்று எழுதினார். சிறுநீர்ப்பை அளவு மீறி உப்பினால் அதன் சுவரில் ரத்த ஓட்டம் குறையும். அப்போதுதான் கிருமிக்கு இடம் கிடைக்கிறது என்பது அவர் வாதம். சோப்பை விட்டுவிடாதே. ஆனால் சோப்பைவிடக் கடிகாரம் முக்கியம்.

பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு நான்கு முதல் ஆறு முறை. ஒவ்வொரு முறையும் அளந்து எழுதச் சொல். 500 மில்லிக்கு மேல் அடிக்கடி வந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும், அல்லது எந்த நேரத்தில் அதிகம் குடிக்கிறார் என்று பார்க்க வேண்டும். டியூப் போடும் தொல்லைக்குப் பயந்து தண்ணீரையே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அதைக் கண்டுபிடித்துப் பேசு.

கற்றுக்கொடுக்கும்போது டியூபை முதலில் அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல். வெள்ளை முனை 12ஆம் சைஸ், தடிமன் 4 மில்லிமீட்டர்தான். பச்சை முனை 14. பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும். ஆண்களுக்கு ஜெல்லி தாராளமாக வேண்டும். பாதி வழியில் தடுத்தால் அழுத்தக் கூடாது. நின்று, மூச்சை இழுத்துவிடச் சொல், தசை தளர்ந்ததும் தானே போகும். பின்னுக்குத் தள்ளிய முன்தோலை மறுபடி முன்னால் கொண்டுவந்தாரா என்று பார். பெண்களுக்கு ஆரம்பத்தில் ஒரு கண்ணாடி வேண்டும். டியூப் தவறிப் பிறப்புறுப்புக்குள் போனால் அதை அங்கேயே அடையாளமாக விட்டுவிட்டு, வேறொன்றை அதற்கு மேலே உள்ள துளையில் போடலாம். ஓட்டம் நின்றதும் சட்டென உருவாதே. கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தால் அடியில் தங்கியதும் வரும்.

டியூப் ஒருமுறைப் பயன்பாட்டுக்குத்தான் செய்யப்படுகிறது. வசதியில்லாமல் கழுவி மறுபடி பயன்படுத்துகிறவர்களைத் திட்டாதே. எப்படிக் கழுவுகிறார்கள், எங்கே உலர்த்துகிறார்கள் என்று கேட்டு, மருத்துவரிடம் வழி கேள்.

சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி தெரிந்தது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. காய்ச்சல், குளிர்நடுக்கம், ரத்தம், திடீரென்று கூடும் தசை இறுக்கம் இருந்தால் காத்திருக்காதே. நெஞ்சுப் பகுதியின் நடுவிலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர் தலை பிளக்கிறது என்று வியர்த்துக் கொட்டினால் அது அவசரம்: உட்காரவை, மருத்துவரைக் கூப்பிடு, உடனே சிறுநீரை வடி. சிறுநீர்ப்பை நிரம்பியதாலேயே ரத்த அழுத்தம் உச்சிக்குப் போயிருக்கலாம்.

கை வேலை செய்யும் எவருக்கும் மனைவியோ அம்மாவோ டியூப் போடும் பழக்கத்தை உண்டாக்காதே. அவர்கள் ஊருக்குப் போனால் இவர் என்ன செய்வார்? கைக்கு வலுவில்லாதவருக்கு மட்டும் வீட்டார் கற்கட்டும். அதுவும் ஒருவருக்கு இருவராக.

டிஸ்சார்ஜுக்கு முன் கேள்: வீட்டுக் கழிப்பறை வாசலில் சக்கர நாற்காலி நுழையுமா? வேலையிடத்தில் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? பிறகு திரை போட்டுவிட்டுக் கை கட்டி நில். நீ தொடாமல் அவரே செய்து முடித்த பின்தான் சார்ட்டில் ‘கற்றுக்கொண்டார்’ என்று எழுத வேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா