வலையின் கண் பெரிதானது ஏன்?

பால் வாளியைத் தூக்கும்போது தொடையும் அடிவயிறும் சேருமிடத்தில் ஒரு புடைப்புத் தோன்றிப் படுத்தவுடன் உள்ளே போய்விடுமாயின், அது பெரும்பாலும் குடலிறக்கமே. வயிற்றுச் சுவர் நலிந்த இடத்தில் குடலோ கொழுப்போ வெளியே பிதுங்குவதால் இது உண்டாகிறது. கச்சையை இறுகக் கட்டினால் குணமாகும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். கச்சை புடைப்பைத் தாங்குமேயன்றி ஓட்டையை அடைக்காது.

ஓட்டையை அடைக்க அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி. 1880களில் இத்தாலிய டாக்டர் பாசினி, இருபுறத் தசைகளையும் இழுத்துச் சேர்த்துத் தைக்கும் முறையை வகுத்தார். கிழிந்த சட்டையை ஒட்டுப் போடாமல் இழுத்துத் தைத்தால் தையல் விறைத்து மீண்டும் பிரிவதுண்டல்லவா? தசையிலும் அவ்வாறே நேர்ந்தது. ஆகவே 1950களின் பிற்பகுதியில் அமெரிக்க டாக்டர் அஷர், பிளாஸ்டிக் இழை வலையை ஒட்டாகப் பயன்படுத்தினார். தசையை இழுக்காமல் வலையை வைத்துத் தைக்கும் முறையை 1980களில் டாக்டர் லிக்டென்ஸ்டைன் பரப்பினார். நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. வலையின் கண்களினூடே தழும்புத் தசை வளர்ந்து பின்னிக்கொள்வதாலேயே ஒட்டு உறுதி பெறுகிறது. பழைய வலைகளில் இழை தடிப்பு, கண்ணோ சிறிது. பக்கத்துப் பக்கத்து இழைகளின் தழும்புகள் ஒன்றோடொன்று கூடி, வலை முழுவதும் ஒரே தகடுபோல் விறைத்துச் சுருங்கியது. சிலருக்கு ஏதோ உள்ளே உறுத்துவது போன்ற உணர்வு நீங்கவில்லை. ஜெர்மனியின் ஆஹென் நகரத்து மருத்துவர்கள் 1990களில் இதனை ஆராய்ந்தனர். வயிற்றுக்குத் தேவையானதைவிடப் பன்மடங்கு வலிமை அவ்வலைகளில் வீணே இருந்தது தெரிந்தது. எனவே இழை மெலிந்தது; கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விரிந்தது. சதுர மீட்டருக்கு 100 கிராம் அளவில் இருந்த எடை பாதிக்கும் கீழே இறங்கியது. எனினும் மெலிந்த வலையே எல்லார்க்கும் ஏற்றதன்று. பெரிய ஓட்டையில் அது பிதுங்கக்கூடும். ஆளையும் ஓட்டையையும் பார்த்து டாக்டரே தேர்ந்தெடுப்பார்.

விலையுயர்ந்த வலைதான் வேண்டுமென்பதுமில்லை. உகாண்டாவில் 302 ஆண்களிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி நீக்கிய கொசுவலைத் துணி வைக்கப்பட்டவர்களுள் ஓராண்டிற்குள் ஒருவருக்கு மட்டுமே நோய் திரும்பியது. இதற்காக வீட்டுக் கொசுவலையைச் சுருட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டா!

புடைப்பு உள்ளே போகாமல் கல்லாகி, வலியும் வாந்தியும் கண்டால் குடல் நெரிபடுகிறது என்று பொருள். பொழுது விடியட்டும் என்று காத்திராமல் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.